மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு; சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ரவுட்டர் வாசல் அறையில். அங்கே 100 எம்பிபிஎஸ் முழுதாக வருகிறது. முற்றம் தாண்டினால் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுத்தமாக இல்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிக்னல் ஒரு கோடு மட்டும். மகள் மாடிப்படியில் உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு ஆன்லைன் வகுப்பு கேட்கிறாள். பார்க்க மனசு கேட்கவில்லை.

ரிப்பீட்டர் (ரவுட்டரின் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) வாங்கி சமையலறையில் வைத்தோம். கோடுகள் நிறைந்தன, வேகம் ஏறவில்லை. அதற்குப் போய்ச் சேருவதே பலவீனமான சிக்னல்தானே!

சரி, முற்றத்து ஓரமாக கேட் 6 (Cat 6) நெட்வொர்க் கேபிள் இழுத்து மாடியில் ஆக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகத் தரும் கருவி) வைக்கலாமா, மெஷ் (ஒன்றோடொன்று இணைந்து ஒரே வைஃபையாக இயங்கும் பல கருவிகள்) போதுமா? 25 மீட்டர் தூரம். அப்புறம், வெயிலும் மழையும் படும் இடத்தில் எந்தக் கேபிள் தாங்கும்? கனத்த சுவர் வீட்டில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.