ஸ்டெல்லரின் கடற்பசுத் தோல்: கண்டதா, கதையா?

பாக்கடற்கரையான்:
ஜெர்மானிய இயற்கையியலாளர் ஸ்டெல்லர், 1741 நவம்பரில் ரஷ்யாவின் கிழக்குக் கடலில் உள்ள பெரிங் தீவில் கப்பல் உடைந்து ஒதுங்கியபோது கண்ட, இன்று அழிந்துபோன பெரிய கடற்பசுவின் தோல் பழைய ஓக் மரப்பட்டை போல இருந்தது என்கிறார். அதன் உறவான எங்கள் ஊர்க் கடற்பசு ஆவுளியாவுக்குத் தோல் வழவழப்பு. பசியில் கிடந்த மனிதர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டாரோ?

பழைய விலங்கியல் வாத்தியார்:
பசியில் கிடந்தார், மெய். ஆனால் அளக்காமல் எழுதும் ஆள் இல்லை, தம்பி. 1742 ஜூலையில் ஒரு பெண் விலங்கை அறுத்தார். நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். கடற்பாசி அடைத்த இரைப்பையை நான்கு பேர் கயிறு கட்டி இழுத்தும் நகர்த்துவது பெரும்பாடு. உதவிக்கு வந்தவர்களுக்குப் புகையிலைதான் கூலி. அவர் அறுத்துக்கொண்டிருக்க, நரிகள் காகிதத்தையும் மைக்கூட்டையும் தூக்கிக்கொண்டு ஓடின. அத்தனைக்கும் நடுவில் எழுதிய குறிப்பு அது. 1751இல் அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை.

இனித் தோல். ஒட்டுண்ணிகள் அரித்ததால் அப்படி ஆனது என்று சிலர் சொல்லிவந்தார்கள். 2022இல் பழைய எலும்புகளிலிருந்து மரபணுத் தொகுதியைப் படித்தபோது, தோலின் மேலடுக்கைச் சீராக வைக்கும் லிப்பாக்சிஜனேஸ் என்னும் நொதிகளுக்கான மரபணுக்கள் செயலிழந்திருப்பது தெரிந்தது. மனிதரில் அவை பழுதானால் தோல் தடித்துச் செதில் செதிலாகிறது. நமக்கு நோய், குளிர்கடலில் பாறையிலும் பனிக்கட்டியிலும் உரசி வாழ்ந்த விலங்குக்கு அதுவே கவசமாகியிருக்கலாம்.

வலைவீசி:
கவசம் இருந்து என்ன பயன்? 1768க்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கண்டுபிடித்து 27 ஆண்டுகள்!

பழைய விலங்கியல் வாத்தியார்:
உரோமத் தோலுக்காக விலங்குகளை வேட்டையாட வந்தவர்கள் தின்றே தீர்த்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மனிதர் கைபடுவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முன்பே அதன் தொகை சுருங்கத் தொடங்கியது என்று மரபணு காட்டுகிறது. ஸ்டெல்லர் பார்த்தது கடைசிக் கூட்டம்.

பாக்கடற்கரையான்:
அப்படியானால் குரங்குபோல் சேட்டை செய்ததாக ஸ்டெல்லர் சொன்ன 'கடற்குரங்கு' என்னும் கடல் விலங்கும் உண்மையா ஐயா?

பழைய விலங்கியல் வாத்தியார்:
அங்கேதான் நான் நழுவுவேன்! கப்பலைச் சுற்றி வந்ததைச் சுட்டார், குறி தப்பிவிட்டது. எலும்பும் இல்லை, தோலும் இல்லை. அடர்ந்த உரோமம் கொண்ட சீல் என்னும் கடல் விலங்கு ஒன்றைத்தான் பார்த்திருப்பார் என்பது என் கட்சி.