காசிமேடு, எண்ணூர்: துறைமுகத்தையும் கடலையும் ஒரே படத்தில் எடுப்பது எப்படி?

வியாசர்பாடிவாசி:
சென்ற ஞாயிறு, கேமராவோடு வந்த 18-55 லென்ஸுடன் வடசென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திற்குச் சென்றேன். சூரியன் நேரெதிரே எழுந்ததால் படகுகள் கறுத்துப்போயின. பக்கத்துச் சென்னைத் துறைமுகத்தின் கிரேன்கள் மூட்டத்தில் கரைந்துவிட்டன. பிறகு துறைமுக வாயிலருகே கேமராவை வெளியே எடுத்தவுடன், காவலர் ஒருவர் அழைத்துப் படங்களை அழிக்கச் சொன்னார். எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிற்கலாம்?

ராயபுரத்துக்காரன்:
துறைமுக வளாகம் பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால், அனுமதியின்றி வாயிலருகே படமெடுக்க வேண்டாம். டிரோனை நினைக்கவே வேண்டாம். நம் கரை கிழக்கு பார்த்தது. விடியலில் சூரியன் எழுவதற்கு முந்தைய இருபது நிமிடங்களும், மாலையில் வெயில் நம் முதுகுப்பக்கம் சாய்ந்து படகுகளின் வண்ணத்தில் விழும் நேரமுமே உங்களுக்கு உதவும். ஏலம் நடக்கும்போது கூறுபவருக்கும் கூடைக்கும் நடுவே போய் நிற்காதீர்கள். முகங்களை எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கும்; பெயின்ட் டப்பாவும் பிரித்துப் போட்ட வலையுமாக இருக்கும் அந்த நாட்களுக்கு உங்கள் லென்ஸே போதும்.

உப்புக்காற்று:
நான் எண்ணூரையே சொல்வேன். கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் நின்றால், அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வடக்கே தெரிவதால், காலை மாலை இரு வேளையும் வெளிச்சம் பக்கவாட்டில் கிடைக்கும். அவற்றுக்கு முன்னால், இடுப்பளவு நீரில், கூடையைப் பல்லால் கவ்வியபடி கையாலேயே இறால் துழாவுபவர்களைக் காணலாம். புகைபோக்கியை மட்டும் எடுத்துவந்தால் அது எந்த ஊர்ப் படமாகவும் இருக்கலாம். வழியில் எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கொட்டியிருக்கும் கருங்கற்களையும் விடாதீர்கள்: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய சென்னைத் துறைமுகச் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்ததால்தான் மெரினா அகன்றது, வடக்கே கரை அரித்தது, அரிப்பைத் தடுக்க இந்தக் கற்கள் வந்தன. அந்தக் கற்களும் துறைமுகத்தின் படம்தான், அவற்றை எடுப்பதற்கு வாயில் காவலரும் கிடையாது.

வியாசர்பாடிவாசி:
மிக்க நன்றி. படங்களின் ஓரங்களில் பால்போல ஒரு மங்கல் தெரிகிறதே, அது லென்ஸின் கோளாறா?

ராயபுரத்துக்காரன்:
உப்புதான். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் தூசியை நீக்கி, லேசாக ஈரப்படுத்திய மென்துணியால் ஒற்றியெடுங்கள். லென்ஸின் முன்னால் மலிவான யுவி ஃபில்டர் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டால், கீறல் விழுந்தாலும் அதோடு போகும், லென்ஸ் தப்பிக்கும்.