ஷார்ட் சேல் வீடு: ஓனர் சைன் பண்ணி ரெண்டு மாசம், பேங்க் வாயே திறக்கல

எல்க்குரோவ்_வாசி:
மக்களே ஒரு டவுட். சாக்ரமெண்டோ பக்கம் எல்க் குரோவ்ல ஒரு வீடு, ஷார்ட் சேல்னு சொன்னாங்க, அக்கம்பக்கத்து விலைய விட நாப்பதாயிரம் டாலர் கம்மியா லிஸ்ட் பண்ணிருந்தாங்க, ஆசப்பட்டு ஆஃபர் போட்டோம், ஓனர் மறுநாளே சைன் பண்ணிட்டார், வீட்ல கர்ட்டன் கலர் வரைக்கும் முடிவாயாச்சு. அதோட சரி, ரெண்டு மாசமா ஒரு தகவலும் இல்ல. ஏஜென்ட்ட கேட்டா "ரிவ்யூல இருக்கு"ன்னு ஒரே பல்லவி. எங்க லீஸ் ஆகஸ்ட்ல முடியுது. ஓனரே சரின்னப்புறம் நடுவுல பேங்க் எதுக்கு? காத்திருக்கலாமா, வேற பாக்கலாமா?

பழைய_ஸ்டாக்டன்:
தம்பி, ஓனர் சைன் போட்டது பாதி கெணறு கூட இல்ல. அவருக்கு கடன் வீட்டு மதிப்ப விட ஜாஸ்தி, வித்த காசு கடனுக்கே பத்தாது, துண்டு விழறத தாங்கறது கடன் குடுத்த பேங்க், அப்ப அவன்தான தலையாட்டணும். இப்டி கடன விட கம்மிக்கு விக்கறதத்தான் ஷார்ட் சேல்ம்பாங்க. விக்கிற விலைல ஓனர் கைக்கு எதுவும் நிக்காது, நீங்க எவ்ளோ கம்மியா கேட்டாலும் அவருக்கு வலிக்காது. அந்த நாப்பதாயிரம் தள்ளுபடியும் ஆள் இழுக்க ஏஜென்ட் போட்டதா இருக்கும். பேங்க் தன் சார்பா ஒரு புரோக்கர விட்டு விலை பாக்கும், பிபிஓம்பாங்க, அதுல விலை ஜாஸ்தியா வந்தா ஏத்திக் குடுன்னு உங்ககிட்ட வருவான்.

நான் 2011ல வாங்கினேன், 7 மாசம். மொத பேங்க் நாலாவது மாசமே சரின்னுட்டான், ஓனர் வீட்டு மேல ரெண்டாவதா ஒரு லோன் வாங்கிருந்தார் பாருங்க, அந்த லோன் குடுத்தவன் எனக்கு விழற பங்கு பத்தாதுன்னு மூணு மாசம் இழுத்தடிச்சான். கடைசில ஒரு வெள்ளிக்கிழம சாயங்காலம் சம்மத லெட்டர் வருது, 25 நாள்ல குளோஸ் பண்ணுன்னு! அதுக்குள்ள என் ரேட் லாக், அதான் என் லோனுக்கு வட்டிய ஏறாம புடிச்சு வச்சது, காலாவதி. மொதல்ல இத கேளுங்க: எத்தன லோன் இருக்கு, எச்ஓஏக்கு, அதான் குடியிருப்பு சங்கத்துக்கு, பாக்கி எவ்ளோ.

குட்டிம்மா_அப்பா:
அண்ணன் சொல்றது கரெக்ட். கூடவே, வீடு ஆஸ்-இஸ்தான், இருக்கற நெலமையிலயே வாங்கிக்கணும், ரிப்பேருக்கு பேங்க் பைசா தராது. நாங்க பாத்த ஒன்னுல கிச்சன் ஸிங்க் அடியில பெயின்ட் வாளி வச்சு ஒழுகற தண்ணிய புடிச்சிட்டிருந்தாங்க, வெளில ஏசி இருந்த எடத்துல சிமென்ட் பலகை மட்டும் இருந்துச்சு. இன்ஸ்பெக்ஷன் காச மிச்சம் புடிக்காதீங்க. எஃப்எச்ஏ லோன்னா, அதான் அரசு இன்ஷூரன்ஸ் இருக்கற லோன், இன்னும் கஷ்டம், பெயின்ட் உரிஞ்சிருந்தாலே அப்ரைசல்ல, வீட்ட மதிப்பிட வர்றப்ப, பிரச்சனை வரும்.

மழைக்காலம்:
ஏலத் தேதி குறிச்சாச்சான்னு பாத்தீங்களா? கலிஃபோர்னியால ஓனர் கடன் கட்டலன்னு நோட்டீஸ் ஆஃப் டீஃபால்ட் பதிஞ்சா மூணு மாசம் டைம், அப்புறம் ஏல நோட்டீஸ், அதுக்கும் விற்பனைக்கும் நடுவுல 20 நாள் இருந்தா போதும். இங்க நீங்க பேங்க் லெட்டருக்கு காத்துட்டிருக்கப்பவே அங்க வீடு ஏலத்துல போயிடலாம். கவுன்ட்டி ரெக்கார்டர்ட்ட, அதான் பதிவு ஆஃபீஸ்ல, பாத்துருங்க. அப்புறம் ஒப்பந்தத்தோட சேத்த ஷார்ட் சேல் அடென்டம்ல பேங்க் சம்மதத்துக்கு ஒரு கெடு தேதி இருக்கும், அது தாண்டிருச்சுன்னா கேன்சல் பண்ணி டெபாசிட் திரும்ப கேக்கலாம், வேற வீடும் தாராளமா பாக்கலாம்.

எல்க்குரோவ்_வாசி:
அடென்டம் எடுத்து பாத்தேன், கெடு போன வாரமே முடிஞ்சிருச்சு, ஏஜென்ட் சொல்லவே இல்ல. ரெண்டாவது லோனும் இருக்காம். லீஸ மாசாமாசம் ஆக்க முடியுமான்னு லீஸ் ஆஃபீஸ்ல கேட்டுட்டு, கெடுவ 30 நாள் மட்டும் நீட்டலாம்னு இருக்கேன். கர்ட்டன் ஆர்டர்தான் எப்டி நிறுத்தறதுன்னு தெரியல.