மறுமொழி: 200 நானோமீட்டருக்குக் கீழ உள்ள ஒளிக்கு "கூர்கழியூதா"

வணக்கம் எல்லாருக்கும், எங்கட கலைச்சொல் தொகுப்பில, ஆங்கிலத்தில deep ultraviolet எண்டு சொல்லுற ஒளிக்கு என்ன பேர் வைக்கிறது எண்ட கேள்விக்கு என்ர பதில் இது. கழியூதா எண்டா ultraviolet, தமிழ்நாட்டில புறவூதா எண்டு சொல்லுறது.

> ஆழ்கழியூதா எண்டே வைச்சிட்டுப் போவம், ஆங்கிலத்திலயும் ஆழம் எண்டுதானே சொல்லினம், இதுக்கு ஏன் இவ்வளவு இழுபறி

கொக்குவில் சேர், இதுக்கு இழுபறிப்படத்தான் வேணும் எண்டு நினைக்கிறன், ஏனெண்டா அந்தச் சொல்லு பிள்ளையளின்ர மனசில பிழையான படத்தைப் பதிச்சுப்போடும். "ஆழ்" எண்டோன உயர்தரம் படிக்கிற ஒரு பெடியன் என்ன நினைப்பான், உள்ளுக்க ஆழமா ஊடுருவிப் போற கதிர் எண்டுதானே. நடக்கிறது நேர்மாறு. 200 நானோமீட்டருக்குக் கீழ போகப் போக காத்தில இருக்கிற ஒட்சிசனே அதை உறிஞ்சிப்போடும், ஒரு மேசையில இருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோறதே பாடு. கண் சத்திரசிகிச்சையில விழிவெண்படலத்தைச் செதுக்கிறதுக்கு 193 நானோமீட்டர் ஆகன் புளோரைட்டு லேசரை எடுக்கிற காரணமே, அது ஒவ்வொரு துடிப்பிலயும் மேல ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைஞ்ச படையை மட்டும் எடுத்திட்டு கீழ இறங்காம நிண்டிடும் எண்டதுதான். அப்பிடிப்பட்ட ஒளிக்கு ஆழம் எண்டு பேர் வைக்க எனக்கு மனம் ஒப்பேல்ல.

"வெற்றிடக்கழியூதா" எண்டு தம்பி ஒராள் கேட்டிருந்தவர். அது கருவியைப் பாத்து வைச்ச பேர், ஒளியைப் பாத்து வைச்சதில்லை. வெற்றிடமே வேணுமெண்டும் இல்லை, பெட்டிக்குள்ள நைதரசனை ஓடவிட்டாலும் 177 நானோமீட்டர் ஒளி தாராளமாப் போகும். "சேய்மை" எண்டதை, ஆங்கிலத்தில far எண்டுறதை, கிருமி கொல்லுற 222 நானோமீட்டர் விளக்குக்காரருக்கு விட்டுவிடுவம், அவையள் அதை ஏற்கனவே பிடிச்சிட்டினம்.

என்ர முன்மொழிவு கூர்கழியூதா. எங்கட பாடப்புத்தகத்துக் கழியூதாவில வாற "கழி" ஒரு உரிச்சொல், மிகுதி எண்டு பொருள். நன்னூல் "சால உறு தவ நனி கூர் கழி" எண்டு மிகுதிப் பொருளில வாற ஆறையும் ஒரே மூச்சில சொல்லுது, அதில கழிக்குப் பக்கத்திலயே கூர் நிக்குது. ஊதாவை மிஞ்சினது கழியூதா, அதிலயும் மிகுந்தது கூர்கழியூதா. அதோட இண்டைய வழக்கில கூர் எண்டா கூர்மை, அலைநீளம் குறையக் குறைய ஒளியைச் சின்னப் புள்ளியாக் குவிக்கலாம், சிலிக்கன் சில்லில மெல்லிய கோடு கீறலாம், அதுவும் பொருந்தி வருது. தமிழ்நாட்டு ஆக்கள் தங்கட வழக்கப்படி கூர்ப்புறவூதா எண்டு சொன்னாலும் உறவு தெரியும்.

எல்லை எங்க வைக்கிறது எண்டதையும் இப்பவே முடிவு செய்யவேணும். சில்லு செய்யிறவை 248 ஐயும் இதே பேரில சேர்க்கினம், இந்த ஒளியை உண்டாக்கிற பளிங்கு வளக்கிறவை 200 க்குக் கீழ எண்டு கண்டிப்பா நிக்கினம். நான் பளிங்குக்காரர் பக்கம், ஏனெண்டா அந்த 200 இல உண்மையிலயே ஒரு சுவர் இருக்கு.

அந்தச் சுவரைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லவேணும், இல்லாட்டி சொல்லு மட்டும்தான் மிஞ்சும். 1961 இல மிச்சிகன் பல்கலைக்கழகத்தில பிராங்கனும் கூட்டாளியளும் ரூபி லேசரின்ர 694.3 நானோமீட்டர் சிவப்பை ஒரு குவாட்சுத் துண்டுக்குள்ள விட, மறுபக்கத்தால அதில சரி பாதி, 347.2, துளியூண்டு வந்தது. அலைநீளம் பாதியாக மீடிறன், அதாவது அதிர்வெண், இரட்டிக்கும், அதாலதான் இதை இரட்டிப்பு எண்டுறது. கட்டுரையில போட்ட படத்தில அந்தப் புள்ளியைக் காணேல்ல, அச்சுக்குத் தயார் செய்தவை தூசு எண்டு நினைச்சு அழிச்சுப்போட்டினம் எண்டுதான் இண்டைக்கும் சொல்லினம். அம்புக்குறி மட்டும் வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டு நிக்குது.

ஏன் அவ்வளவு சொற்பம் வந்தது எண்டா, பளிங்குக்குள்ள போற ஒளியும் புதுசாப் பிறக்கிற ஒளியும் ஒரே வேகத்தில போகாது, முன்னுக்குப் பிறந்த அலையும் பின்னுக்குப் பிறந்த அலையும் ஒண்டை ஒண்டு அழிச்சுப்போடும். ஒளி எவ்வளவு மெதுவாப் போகுது எண்டதைச் சொல்லுற எண்தான் முறிவுச்சுட்டி, அது ரெண்டு இருக்கிற பளிங்கை எடுத்து, சரியான கோணத்தில ஒளியை விட்டா ரெண்டு வேகமும் ஒத்துவரும். ஆங்கிலத்தில phase matching எண்டுற இதுக்கு அவத்தைப் பொருத்தம் எண்ட சொல்லே காணும், அதில ஆருக்கும் மறுப்பு இல்லைத்தானே.

இப்ப சுவர். அலைநீளம் குறையேக்க முறிவுச்சுட்டி கிடுகிடெண்டு ஏறும், பொருத்தம் கைக்கு வராமல் போயிடும். சீனாவில சென் சுவாங்தியென் குழு 1980களில கண்டுபிடிச்ச பேரியம் போரேற்றுப் பளிங்கு, பிபிஓ எண்டு எல்லாரும் சொல்லுறது, எவ்வளவு நல்ல பளிங்கு, அதாலயே நேரடி இரட்டிப்பில 205 நானோமீட்டருக்குக் கிட்டவோட நிண்டிடுது. பிறகு அதே குழுதான் கேபிபிஎஃப் எண்டதை வளத்தது, பொற்றாசியம், பெரிலியம், போரேற்று, புளோரின் சேர்ந்தது. நியோடிமியம் யாக் லேசரின்ர 1064 ஐ முதல் 355 ஆக்கி, அந்த 355 ஐ இதுக்குள்ள விட்டா 177.3 வரும். அதில ஒரு ஒளித்துணிக்கைக்கு கிட்டத்தட்ட 7 இலத்திரன்வோல்ட்டுச் சக்தி, மீகடத்திக்குள்ள இலத்திரன் என்ன செய்யுது எண்டு பாக்கிற ஆய்வுகூடங்கள் அதைத்தான் பாவிக்குது.

ஆனா அந்தப் பளிங்கு வாழைத்தண்டு மாதிரி மடல் மடலா உரியும். தட்டுக்குள்ள கட்டு இறுக்கம், தட்டுக்கும் தட்டுக்கும் இடையில புளோரினும் பொற்றாசியமும் பிடிக்கிற பிடி தளர்வு, அதால சில மில்லிமீட்டருக்கு மேல தடிப்பா வளராது, வேண்டிய கோணத்தில வெட்டவும் ஏலாது. வெட்டாமலே பாவிக்கத்தான் ரெண்டு பக்கமும் அரியத்தை ஒட்டி, ஒளியைச் சரிவா உள்ளுக்க விடுகினம். எனக்கு இந்த முழுக்கதையிலயும் ஆகப் பிடிச்ச இடம் இது. இன்னொரு தலையிடி பெரிலியம், அதின்ர ஒட்சைட்டுத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அதாலதான் பெரிலியமே இல்லாத பளிங்கைத் தேடி ஓடுகினம், சின்ஜியாங்கில 2017 இல அறிவிச்ச அமோனியம் புளோரோபோரேற்று அந்த வழியில வந்தது. அங்க போரனோட புளோரினையே நேராக் கட்டிவிட்டிருக்கினம்.

> படிகம் எண்டு போடுங்கோ, பளிங்கு எண்டா சலவைக்கல்லு எண்டு நினைப்பினம்

அக்கா, கோயம்புத்தூரில அப்பிடி நினைக்கலாம், இங்க ஆய்வுகூடத்தில செப்புச் சல்பேற்றுப் பளிங்கு வளத்த பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது. எங்கட தலைச்சொல் பளிங்கு, பக்கத்தில படிகம் எண்டும் போடுவம். மானிப்பாயில இருந்து அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில படிப்பிச்ச ஊர் இது, சொல்லுக்கு ஆரிட்டயும் கடன் வாங்கிறதுக்கு முதல் இங்க புழங்கிறதைப் பாக்கிறதுதான் முறை.

தொகுப்பில நான் போட நினைக்கிற வரி இதுதான்: "கூர்கழியூதா: அலைநீளம் 200 நானோமீட்டரிலும் குறைந்த கழியூதா ஒளி." இரட்டிப்பு செய்யிற பளிங்குக்கு "மீடிறன் இரட்டிப்புப் பளிங்கு". நேரிலாப் பளிங்கு (nonlinear crystal) எண்டதை பெரிய குடும்பத்துக்கு வைச்சிருப்பம், ஏனெண்டா ரெண்டு வேற வேற ஒளியைக் கூட்டி மூண்டாவதை எடுக்கிற வேலையும் அதுக்குள்ள அடங்குது. அந்தக் கூட்டலுக்குத்தான் இன்னும் நல்ல சொல்லு இல்லை, "கூட்டுமீடிறன்" எண்டு நான் எழுதிப் பாத்தன், ஒலிக்குது, ஆனா கூட்டு எண்டது சேர்வைக்கும் வாறதால யோசனையா இருக்கு. இரசாயனம் படிப்பிக்கிற ஆக்கள் ஆரும் இதில ஒரு வழி சொல்லுங்கோ.