"இது ஒரிஜினலா?" என்று கேட்கும் புதியவருக்கு எப்படிப் பதில் சொல்வது?

பெட்டிக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஹாலிவுட், பிரிட்டிஷ் படங்களின் ப்ராப்களையும் (படப்பிடிப்பில் பயன்படும் பொருள்கள்) உடைகளையும் சேர்ப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு குழு நடத்துகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். விற்பனைத் தளத்தில் கண்ட பொருளின் படம் ஒன்றைப் போட்டு, "இது ஒரிஜினலா, வாங்கலாமா?" என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் "டூப்ளிகேட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இல்லையென்றால் யாருமே பதில் போடுவதில்லை. கேட்டவர் அதோடு காணாமல் போகிறார். விற்பவரும் குழுவிலேயே இருந்துவிட்டால் சண்டைதான். கேட்பவரிடம் என்னென்ன படங்கள் வாங்க வேண்டும், எந்த அளவுக்கு உறுதியாகப் பேசலாம், ரீகாஸ்ட் (அனுமதி இல்லாமல் எடுக்கும் நகல் வார்ப்பு) விஷயத்தில் என்ன விதி வைக்கலாம்?

சட்டகம்24 பதில்:

அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக் கொடுங்கள். படத்தின் தயாரிப்புக் குழு செய்த பொருளா? கேமரா முன்னால் வந்ததா? திரையில் தெரியும் அதே பொருள்தான் என்று அடையாளம் காட்ட முடியுமா? மூன்றாவதைத்தான் ஸ்க்ரீன் மேட்ச் என்கிறோம். முதல் இரண்டும் உண்மையாக இருந்து மூன்றாவதைக் காட்ட முடியாத பொருள்கள் ஏராளம். அவையும் சேர்க்கத் தகுந்தவைதான். விலை மட்டும் வேறு.

ஒரே ப்ராப்பில் பல பிரதிகள் செய்வது வழக்கம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 1977இல் வந்த ஸ்டார் வார்ஸின் ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட்களில் ஸ்டண்ட் வகை (குளோசப் அல்லாத காட்சிகளுக்கானவை) எச்டிபிஇ பிளாஸ்டிக்கில் செய்து வெள்ளை பெயின்ட் அடித்தவை. குளோசப்புக்கான ஹீரோ வகை ஏபிஎஸ் என்ற வேறு பிளாஸ்டிக். "ஸ்டண்ட்" என்ற சொல்லைப் புதியவர் "போலி" என்று எடுத்துக்கொண்டு நல்ல பொருளைக் கைவிடுவதும் நடக்கிறது.

படங்கள்: ஆறு பக்கமும் தனித்தனியாக, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. ஃபிளாஷ் வேண்டாம். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து இரண்டு படங்கள் எடுத்தால் கீறல், தூரிகைத் தடம், ஒட்டு எல்லாம் எழுந்து தெரியும். உள்பக்கம், திருகுகள், லேபிள் கட்டாயம். திருகுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், டார்க்ஸ் எனப்படும் ஆறு முனை நட்சத்திரத் தலைத் திருகு 1967இல்தான் வந்தது. 1950களின் படத்தில் வந்ததாகச் சொல்லும் பொருளில் அது இருந்தால், பின்னால் பழுது பார்த்திருக்கிறார்கள் அல்லது பொருளே பின்னால் வந்தது. எது என்று விற்பவரைக் கேட்கலாம்.

ஸ்க்ரீன் மேட்ச் செய்ய ஸ்ட்ரீமிங் படத்தை நம்ப வேண்டாம். சுருக்கும்போது சிறு அடையாளங்கள் குழைந்துவிடும். ப்ளூ-ரே அல்லது 4கே டிஸ்க்கிலிருந்து ஃபிரேம் எடுத்து பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், கிரேடிங்கில், அதாவது படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலையில், மாறியிருக்கும். எடிட்டிங்கில் இடவலம் திருப்பிய ஷாட்டுகளும் உண்டு, அதையும் பாருங்கள். ஒப்பிட வேண்டியது தற்செயலாக விழுந்த அடையாளங்களை: மரத்தின் ரேகை, துணியின் கட்டமும் கோடும் தையலில் சந்திக்கும் இடம், பெயின்ட் தெறித்த புள்ளி. அச்சிலேயே இருந்த குழியும் குமிழும் அந்த அச்சில் வார்த்த எல்லாப் பிரதியிலும் இருக்கும், அது எதையும் நிரூபிக்காது. திரையில் இல்லாத கீறல் பொருளில் இருக்கலாம், படப்பிடிப்புக்குப் பிறகு விழுந்திருக்கும். திரையில் இருக்கும் கீறல் பொருளில் இல்லையென்றால்தான் விளக்கம் தேவை.

ரெசின்_பட்டறை பதில்:

ரீகாஸ்ட் பற்றி. ஒருவர் செய்த பொருளை வாங்கி, அதன் மேலேயே சிலிகான் அச்செடுத்து, அவரைக் கேட்காமல் வார்த்து விற்பதுதான் ரீகாஸ்ட். கண்டுபிடிக்க நல்ல வழி கீறல்களைப் பார்ப்பது. அசலில் கீறல் பெயின்ட்டை அறுத்துக்கொண்டு போகும், அடியில் உள்ள நிறம் தெரியும். ரீகாஸ்ட்டில் அதே கீறலுக்குள்ளும் பெயின்ட் நிறைந்திருக்கும், ஏனென்றால் கீறலும் சேர்ந்தே வார்க்கப்பட்டது. விளிம்புகள் மழுங்கியிருக்கும். ரெசின் இறுகும்போது சற்றுச் சுருங்குவதால் பிரதியிலிருந்து பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் குறையும். அதனால் நீளம் அகலத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து போடச் சொல்லுங்கள். டேப் அளவு போதாது.

விதி எழுதும்போது சட்டத்தையும் குழுவின் நேர்மை வழக்கத்தையும் குழப்ப வேண்டாம். ஸ்டார் வார்ஸைத் தயாரித்த லூகாஸ்ஃபில்ம் தொடுத்த வழக்கில் 2011இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஸ்டார்ம்ட்ரூப்பர் ஹெல்மெட் சிற்பம் ஆகாது, எனவே சிற்பத்துக்கான பதிப்புரிமை (காப்பிரைட்) அதற்குக் கிடையாது என்றது. அதே தீர்ப்பு, அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக பிரிட்டன் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்றும் சொன்னது. நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதை அட்மின் தீர்த்துவைக்க முடியாது. "செய்தவரின் அனுமதி இல்லாத வார்ப்பை இங்கே விற்கக் கூடாது" என்று எழுதினால் போதும். தெரியாமல் வாங்கிவிட்டவர் காட்சிக்குப் போட்டால் திட்டக் கூடாது என்பதையும் அதே விதியில் சேருங்கள். ஏமாந்தவர் அவர்தான்.

இழைக்கோல் பதில்:

உடை சேர்ப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. விற்பவரிடம் படம் கேட்கும்போதே "துவைக்க வேண்டாம், துடைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். காலர் உள்பக்கத்து மேக்கப் கறை, மைக் ஒட்டிய இடத்தின் பசை, செயற்கையாகக் கிழித்து அழுக்காக்கிய இடம் எல்லாமே ஆதாரம். ஒரு முறை துவைத்தால் போய்விடும்.

லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். வெஸ்டர்ன் காஸ்ட்யூம் கம்பெனி போன்ற வாடகை நிறுவனங்களின் உடையில் நடிகர் பெயரும் எண்ணும் இருக்கும். ஆனால் அதே உடை பத்துப் படங்களுக்குப் போய் வந்திருக்கலாம். லேபிளைப் பிரித்து வேறு உடையில் தைப்பதும் கடினமில்லை. தையல் ஓட்டைகள் லேபிளோடு ஒத்துப்போகின்றனவா என்று உள்பக்கம் பாருங்கள்.

புற ஊதா டார்ச் உதவும், ஆனால் நிதானமாக. துணியையும் நூலையும் வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1930களின் உடை என்று சொல்வதில் தையல் நூல் மட்டும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். துணி முழுவதும் சீராக ஒளிர்ந்தால் பின்னாளில் சோப்புத்தூளில் துவைத்திருக்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "யுவி-யில் ஒளிர்கிறது, போலி" என்று எழுதுகிறவர்களால் நல்ல உடைகள் கெட்ட பெயர் வாங்குகின்றன.

முரண் தெரிந்தவுடன் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். தி விஸார்ட் ஆஃப் ஆஸ் படத்தின் சிவப்புக் காலணிகளில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இணையின் இரண்டு காலும் ஒன்றுக்கொன்று ஜோடியே இல்லை. 2005இல் மினசோட்டா அருங்காட்சியகத்திலிருந்து திருடு போய் 2018இல் மீட்கப்பட்ட இணையோடு வைத்துப் பார்த்தபோது, அவற்றின் சரியான ஜோடிகள் அந்த இணையில் இருப்பது தெரிந்தது. நாலும் அசல்தான், ஜோடிதான் மாறியிருந்தது.

சட்டகம்24 பதில்:

இழைக்கோல் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அதனால்தான் பதிலுக்கு நாலே சொற்றொடர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பேன்: "பொருந்துகிறது, இந்த இந்த இடங்களில்", "முரண் இல்லை, ஆனால் உறுதி செய்யப் போதாது", "முரண் இருக்கிறது, இந்த இடத்தில்", "படம் போதாது, இந்தக் கோணம் வேண்டும்". எதைச் சொன்னாலும் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். விற்பவரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது, பொருளைப் பற்றி மட்டும்.

சி.ஓ.ஏ. எனப்படும், பொருள் அசல் என்று சொல்லும் சான்றிதழைப் பற்றியும் ஒரு குறிப்பு ஒட்டி வையுங்கள். அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கொடுத்தவர் யார், அவருக்குப் பொருள் யாரிடமிருந்து வந்தது, அந்தக் கைமாற்றத்துக்குப் பில் இருக்கிறதா என்று கேட்கப் பழக்குங்கள். "எம்ஜிஎம் ஏலத்திலிருந்து வந்தது" என்று அடிக்கடி கேட்பீர்கள். 1970இல் அந்த ஹாலிவுட் ஸ்டுடியோவின் ஏலம் நடந்தது உண்மை. ஏலம் நடந்ததால் இந்தப் பொருள் அங்கே இருந்தது என்று ஆகாது. லாட் எண் (ஏலத்தில் அந்தப் பொருளுக்குக் கொடுத்த எண்) கேளுங்கள், கேட்டலாக்கில் அந்த எண்ணுக்கு என்ன வர்ணனை என்று பாருங்கள்.

பெட்டிக்காரன்:

மிக்க நன்றி. விலை கேட்பதை அனுமதிக்கலாமா?

ரெசின்_பட்டறை பதில்:

அனுமதியுங்கள், தடை போட்டால் தனிச் செய்தியில் கேட்டு ஏமாறுவார்கள். ஆனால் முடிந்த ஏலத்தின் விலையை மட்டும் ஒப்பிட வேண்டும், விற்பவர் கேட்கும் விலையை அல்ல. ஏலக் கூலியை (வாங்குபவரிடம் ஏல நிறுவனம் கூடுதலாக வாங்குவது) சேர்த்த விலையா, சேர்க்காததா என்றும் எழுத வேண்டும். திருடு போய் மீட்கப்பட்ட அந்தக் காலணி இணை 2024 டிசம்பரில் 2.8 கோடி டாலருக்கு ஏலம் போனது, கூலியோடு 3.25 கோடி. இதைக் குறிப்பிடாமல் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போடுவது வாடிக்கை.

துப்பாக்கி ப்ராப்களுக்குத் தனி விதி வையுங்கள். ஸ்டார்ம்ட்ரூப்பர் பிளாஸ்டர் (படத்தில் அவர்கள் ஏந்தும் துப்பாக்கி) ஸ்டெர்லிங் சப்மெஷின் கன்னை வைத்துச் செய்தது. இப்படி நிஜத் துப்பாக்கியின் பாகம் உள்ள எதுவும் குழுவில் விற்பனைக்கு வரக் கூடாது. ரெசின், ரப்பர் பிரதிகளுக்கும் நாடு தாண்டி அனுப்பும் முன் இரு பக்கத்து சுங்க விதியையும் வாங்குபவரே எழுத்தில் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

இழைக்கோல் பதில்:

இன்னொன்று, பெட்டிக்காரன். புதியவரின் பதிவுக்கு முதல் பதில் எப்போதும் ஒரு ஆளின் பொறுப்பாக இருக்கட்டும், வாரம் ஒருவர் என்று முறை வைத்து. அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. "வாங்க, இந்தப் படங்கள் எடுத்துப் போடுங்க, அதுவரை பணம் கட்ட வேண்டாம்" என்று எழுதினால் போதும். ஏலம் முடிய எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் முடியும் ஏலத்துக்கு மூன்று நாள் கழித்து வரும் நல்ல பதிலால் பயனில்லை.