சென்னைக் குடிநீர்: நீங்கள் பார்த்தது, கேட்டது

அயனாவரத்தான்:
2019 ஜூலை 12. ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வருகிறது என்று கேள்விப்பட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வில்லிவாக்கம் போனேன். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் எங்கள் தெருவில் லாரி வந்தால்தான் தண்ணீர். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ராத்திரி ஒரு மணிக்கும் விழித்திருப்போம். ரயிலைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டது.

பக்கத்தில் நின்ற பெரியவர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "இது எங்கே போகுது தெரியுமா தம்பி? கீழ்ப்பாக்கம். 1872-லிருந்தே ஊருக்குத் தண்ணி அங்கே வந்து சேருது" என்றார். கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் தடுத்துத் திருப்பி, சோழவரம், செங்குன்றம் ஏரிகளை நிரப்பி, அப்புறம் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, நிலத்தின் சரிவுதான். வடிகட்டுவதும் கிடையாது. கால்வாயில் என்ன விழுந்ததோ அது வீட்டுக்கும் வந்தது.

மணல் வடிகட்டி 1914-ல்தான் வந்தது. செய்தவர் மேட்லி என்ற பொறியாளர், தி.நகர் மேட்லி சாலை அவர் பேரில்தான். மணல் வழியாகத் தண்ணீர் மெதுவாக இறங்கும்போது மேலே வழவழவென்று ஒரு படலம் கட்டும், கிருமியைத் தின்பது அதுதான் என்று பெரியவர் கையால் தடவிக் காட்டிச் சொன்னார். அது அடைத்துக்கொண்டால் மேல் மணலைச் சுரண்டி எடுப்பார்களாம். தனி வாரியம் அமைந்தது 1978-ல்; அதுவரை எல்லாம் மாநகராட்சி. மகள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிண்ட் தெரு மருமகள்:
அண்ணா, அதற்கும் நூறு வருஷம் முன்னால் எங்கள் ஏழு கிணறு. 1772-ல் கேப்டன் பேக்கர் போட்ட திட்டம், கோட்டைக்குக் குடிநீர் கொடுக்க. "பத்துத் தோண்டினாங்க, ஏழுதான் கைகொடுத்தது" என்பார் என் மாமியார். கல்யாணமாகி வந்த புதிதில் தெருவில் கிணறுகளைத் தேடினேன். பேர்தான் கண்ணில் பட்டது.

ஊத்துக்கோட்டைப் பையன்:
நான் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் வந்ததைப் பார்த்தவன். 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் ஒப்பந்தம் போட்டார்கள், வருஷத்துக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). கால்வாயில் தண்ணீர் எல்லையைத் தொட்டது 1996-ல். பதின்மூன்று வருஷம்! அதுவரை காய்ந்த கால்வாயில் நாங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம்.

முதலில் நுரையும் சருகும்தான் வந்தன. பின்னாலேயே தண்ணீர், செம்மண் நிறத்தில். பெண்கள் மஞ்சளும் பூவும் போட்டார்கள். பூண்டி ஏரிக்கு இன்னும் 25 கிலோமீட்டர் போகவேண்டிய தண்ணீர் அது, எங்களுக்கென்று வந்ததில்லை. ஆனாலும் அப்பா வேட்டியை மடித்துக்கட்டி இறங்கி ஒரு சொம்பு மொண்டார். வீடு வரை சிந்தாமல் கொண்டுவந்து எங்கள் கிணற்றில் ஊற்றினார்.