ஊரணி தூர்வார வாட்ஸ்அப்பில் நிதி கேட்ட கதை: உங்கள் அனுபவம் என்ன?

கோட்டையூரான்:
செட்டிநாட்டில் பல தெருக்களில் பாதி வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வீட்டுக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஊரணி தூர்வார வசூல் செய்யும் எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வாட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் விட்டால் வழியில்லை.

பேஸ்புக்கில் லைக் வாங்குவது சுலபம். தேக்குத் தூணும் ஆத்தங்குடி டைல்ஸும் தெரிகிற மாதிரி பழைய வீட்டுப் படம் ஒன்று போட்டால் கொட்டும். ஆனால் அதற்கெல்லாம் பணம் வராது. பணம் வந்தது வேறொரு படத்துக்கு. சீமைக் கருவேலம் மண்டி, ஊரணிக்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் அடைபட்டுக் கிடந்த இடத்தைப் படமெடுத்து, "மழைத் தண்ணீர் இங்கே திரும்பி ரோட்டுக்கு ஓடுகிறது. முள்ளை எடுக்க ஜேசிபி வேண்டும். ஒரு மணி நேர வாடகையை ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதினோம். 'தாராளமாக நிதி தாரீர்' போஸ்டருக்கு வாய் திறக்காதவர்கள்கூட "எனக்கு ரெண்டு மணி நேரம் எழுதிக்கங்க" என்றார்கள். வியாபாரத்தில் மகமை, அதாவது தர்மத்துக்கென்று ஒரு பங்கு, ஒதுக்கிப் பழகிய ஊர் இது. கொடுக்கத் தயங்க மாட்டார்கள், கணக்குக் கேட்பார்கள்.

அதனால் வேலை முடிந்த அன்றைக்கே ஜேசிபி பில், ஆள் கூலி, டீ செலவு வரை ஒரு தாளில் எழுதிக் குழுவில் போட்டுவிடுவோம். மிச்சம் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது என்பதும் அதில் இருக்கும். என்னைக் கேட்டால், எந்த போஸ்டரையும்விட அடுத்த வசூலுக்கு உதவுவது அந்தத் தாள்தான்.

அப்புறம், நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு ஒன்பதுக்குப் போட்டால் அங்கே பதினொன்றரை, யார் பார்ப்பார்கள்? சாயங்காலம் ஐந்தரைக்குப் போடுங்கள்.

தேவகோட்டை டீச்சர்:
அண்ணே, வெளிநாட்டுப் பணம் விஷயத்தில் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும். நாங்கள் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். எங்கள் பக்கத்தில் வங்கிக் கணக்கு எண்ணைப் பார்த்துவிட்டு சிங்கப்பூரிலிருந்து ஒருவர், "நான் இப்போ இந்த நாட்டுக் குடிமகன், அனுப்பலாமா?" என்று மெசஞ்சரில் கேட்டார். ஆடிட்டரிடம் கேட்டால், "வாங்கவே வாங்காதீங்க" என்றார். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே சம்பாதித்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினையில்லை. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், அவர் நம்ம ஊர்க்காரரே ஆனாலும், குடியுரிமை மாறிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். எங்களுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. கணக்கு எண்ணுக்கு மேலேயே 'இந்தியக் குடிமக்களிடம் மட்டும்' என்று போட்டுவிட்டோம். கேட்டாரே, அவர் இப்போது சனிக்கிழமைகளில் ஜூமில் ஆங்கிலம் சொல்லித் தருகிறார்.

இன்னொன்று, படங்கள். நோட்டு வாங்கித் தந்த ஒருவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து டேக் பண்ணச் சொன்னார். ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி, கொடுத்த நோட்டாலேயே முகத்தை மறைத்துக்கொண்டாள். "படம் வேண்டாங்க" என்று சொல்லி, அந்த நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளைகள் எழுதியதை எடுத்து அனுப்பினோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருக்கட்டும். காப்பகம் நடத்துகிறவர்களுக்கு இது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை; 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவுப்படி அங்குள்ள பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

புதுவயல் தம்பி:
எங்க குழுவில குட் மார்னிங் படத்துக்கு நடுவுல ரத்த தான அறிவிப்பு காணாமப் போயிடுது. என்ன செய்யலாம்ணே?

கோட்டையூரான்:
தம்பி, அட்மின் மட்டும் பதிவிடுகிற மாதிரி மாற்றிவிடுங்கள். பேச்சுக்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட்டும் உண்டு. ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். நாங்கள் கோயில் திருவிழாவுக்கு ஊர் திரும்பியவர்களைப் பந்தியிலேயே பிடித்து, கையோடு எண்ணைச் சேமிக்க வைத்தோம். வயசான ஆச்சிகளுக்கு எழுதி அனுப்பாதீர்கள், ஒரு நிமிடத்துக்குள் குரலில் பேசி அனுப்புங்கள். யார் பேசுகிறோம், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.

புதுவயல் தம்பி:
சரிண்ணே. ஆனா அட்மின் எங்க சித்தப்பா. குட் மார்னிங் அனுப்புறதே அவர்தான்.